முதல் நோயாளி

யாராவது என்னைப் பார்த்து, "உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டால், என்ன பதில் சொல்வது என்று நான் யோசிப்பதில்லை. இவர் ஏன் கேட்கிறார் என்றுதான் யோசிப்பேன். வீட்டுக்காரர் கேட்டால் வாடகைக்கு வீடு கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் அடுத்த கேள்வி மதத்தைப் பற்றியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் சும்மா பேச்சுக்குக் கேட்டால்கூட என் கை தானாகப் பையை இறுக்கிக்கொள்ளும். யாங்கோனில் பிறந்து, நாற்பது வயதை நெருங்கும்வரை இங்கேயே இருப்பவள் நான். இதை ஒரு வியாதி என்றும் சொல்ல முடியாது, எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான்.

ஆகவே நைரோபியிலிருந்து ஒரு பெண் கணினித் திரையில் தோன்றி, அறிமுகமான பத்தாவது நிமிடத்தில் அதே கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டபோது மேஜைக்கடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் எங்கள் நிறுவனத்தின் தலைவி. அவரும் இன்னும் இரண்டு ஆப்பிரிக்கப் பெண்களும் சேர்ந்து தொடங்கிய மென்பொருள் நிறுவனம் அது. இலவச மருத்துவம் பார்க்கும் சின்னச் சின்ன கிளினிக்குகளில் நோயாளிகளைப் பதிவதற்கு ஒரு செயலி எழுதியிருந்தார்கள். நர்ஸ் தன் கைபேசியில் விவரங்களைப் போட்டால் போதும், அந்த நோயாளி அடுத்த முறை எந்த கிளினிக்குக்குப் போனாலும் பழைய குறிப்பு வந்துவிடும். அவர்கள் ஊரைச் சுற்றியுள்ள நாடுகளில் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை பர்மாவுக்கு ஏற்றபடி மாற்றி எழுத யாங்கோனின் நடுவே கியாக்டடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அறை எடுத்து எங்கள் ஐந்து பேரை வேலைக்கு வைத்தார்கள். கீழே நாள் முழுக்க பஸ் ஹாரன். கரண்ட் போனால் அவர் முகம் பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் மீதிப் பேச்சு வரும்.

முதல் நாள் அவரைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை. 'இவளா என் வேலையைச் சரிபார்க்கப் போகிறாள்?' என்று தோன்றியது. பள்ளியில் ஒன்பது வருஷம் 'கலா, கலா' என்று கூப்பிடப்பட்டவள் நான். இந்தியர்களை இங்கே இளக்காரமாகச் சொல்லும் வார்த்தை அது. எவ்வளவு தனாக்காப் பட்டை அரைத்து முகத்தில் பூசினாலும் அடியில் கறுப்பு தெரியும் என்று சிரித்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அப்படிப்பட்டவளுக்கு அந்த நினைப்பு எங்கிருந்து வந்ததோ, வந்தது. எழுதும்போது கூசுகிறது.

தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். இந்த ஊரில் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு நாக்கு வரும்? ஐந்து பேரும் 'சயாமா' என்றோம். டீச்சரையும் டாக்டரம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மனசுக்குள் மட்டும் எனக்கு ரொம்ப நாள் அவர் 'அவள்'தான்.

"உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டதற்கு "யாங்கோன்" என்றேன்.

"அதற்கு முன்னால்?"

"அதற்கு முன்னாலும் யாங்கோன்தான்."

அவர் விடவில்லை. தன் கதையைச் சொன்னார். அப்பாவுடைய ஆட்கள் ஏரிக்கரைப் பக்கம், அம்மாவுடைய ஆட்கள் கடற்கரைப் பக்கம். அவர்கள் நாட்டில் முழுப்பெயரைச் சொன்னாலே எந்தக் கூட்டம் என்று தெரிந்துவிடுமாம். தேர்தல் வரும்போது கலவரத்துக்குப் பயந்து இவர் வீட்டில் பிள்ளைகளிடம் பெயரைப் பாதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்களாம். கேட்டுக்கொண்டிருந்த மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் இது தூண்டில் என்று முடிவு கட்டினேன். தன் கதையை முதலில் போட்டு நம் கதையைப் பிடுங்கப் பார்க்கிறாள். யாருக்குக் கொடுக்க என்பதுதான் தெரியவில்லை.

என் கதை ஒன்றும் பெரியதல்ல. அப்பாவின் தாத்தா ரயில்வே வேலைக்குக் கப்பலில் வந்தவர். அம்மா பக்கம் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். நடுவில் இரண்டு பர்மியப் பெண்கள் குடும்பத்துக்குள் வந்தார்கள். அதனால் எங்கள் மூக்கு ஒரு மாதிரியும் நிறம் ஒரு மாதிரியும் இருக்கும். அம்மாவோடு தமிழில் சண்டை போடுவேன், மற்றதெல்லாம் பர்மியம். ஆனால் எங்கள் மப்பொண்டின் பச்சை. குடிமக்கள் அட்டையை இங்கே மப்பொண்டின் என்போம். முழுக் குடிமக்களுக்கு அது இளஞ்சிவப்பில் இருக்கும். பின்னால் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்குப் பச்சை. அட்டையைக் காட்டாவிட்டாலும் தப்ப முடியாது. ஒவ்வொரு அட்டை எண்ணின் நடுவிலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து இருக்கும். எந்த வகைக் குடி என்பதை அது சொல்லிவிடும். எங்கள் எழுத்து வேறு. படிவம் நிரப்பும்போது அந்த எழுத்தை மட்டும் நான் சின்னதாக எழுதுவேன். பேனா சரியாக எழுதவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்ற நப்பாசைதான்.

பதிவுப் படிவத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பெயர், வயது, தகப்பன் பெயர், அட்டை எண், இனம், மதம் என்று வரிசையாகப் போட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. பாலர் வகுப்பிலிருந்து நான் பார்த்த எல்லாப் படிவமும் அப்படித்தான் இருந்தது. சயாமா திரையில் அதைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க இனம் எதற்கு? மதம் எதற்கு?" என்று கேட்டார்.

"எல்லாப் படிவத்திலும் இருக்கும், சயாமா."

"இதில் இருக்காது. எடுத்துவிடுங்கள்."

எடுத்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள் நான்தான். ஆனால் எனக்குச் சந்தேகம்தான் கூடியது. வெளிப்படையாகக் கேட்காதவள் வேறு வழியில் எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அட்டை எண்ணையும் கட்டாயமாக்க வேண்டாம் என்றார். அதற்கு மட்டும் நான் மல்லுக்கு நின்றேன். இங்கே எண் இல்லாமல் யாரையும் பதிந்தால் நர்ஸ்கள் பயப்படுவார்கள், பிறகு பதிவே நடக்காது என்றேன். அவர், "உங்கள் ஊர், உங்களுக்குத்தான் தெரியும். எண்ணைச் சரிபார்க்கும் விதியை நீங்களே எழுதுங்கள்" என்றார். எழுதினேன். எண்ணில் எத்தனை இலக்கம், எந்த ஊர்க் குறி, நடுவில் எந்த எழுத்து வர வேண்டும் என்பதெல்லாம் அந்த விதியில் இருந்தது. தப்பாக இருந்தால் சிவப்பில் ஒரு வரி தோன்றும். "எண் சரியில்லை. மீண்டும் பார்க்கவும்." அந்த வரியும் என்னுடையதுதான்.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. செயலி எந்த கிளினிக்குக்குப் போவதற்கு முன்பும் அதை எழுதியவர்கள் தங்களைத்தான் முதல் நோயாளியாகப் பதிய வேண்டும். கற்பனை விவரம் கூடாது. சொந்தப் பெயர், சொந்த எண், சொந்த வியாதி. பதிந்து, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடலாம். நைரோபியில் அவர்கள் மூன்று பேரும் அப்படித்தான் செய்தார்களாம். சயாமா தன் மூட்டுவலியையே பதிந்ததாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டதாக நினைத்தேன். ஓகோ, இதுதானா விஷயம்! இனமும் மதமும் வேண்டாம் என்று நல்லவள் வேஷம் போட்டது இதற்குத்தானா? அழித்துவிடலாம் என்கிறாள், அழிந்ததை யார் பார்த்தார்கள்? வழியில் சிப்பாய்கள் கைபேசியைப் பிடுங்கிப் படித்துப் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு, எங்கோ இருக்கிற ஒருத்தியின் பெட்டிக்குள் என் எண்ணை நானே கொண்டுபோய்ப் போடுவேனா?

பர்மியர்கள் வசதியாக வாழும் சான்சௌங்கில் குடியிருக்கும் ஒரு பெண்ணை உண்டாக்கினேன். என் வயதுதான். அழகான பர்மியப் பெயர் வைத்தேன். இளஞ்சிவப்பு அட்டைக்குரிய எழுத்தோடு ஓர் எண் கொடுத்தேன். வியாதி வயிற்றுப்புண். ஒரே தட்டில் உள்ளே போனாள், சிவப்பு வரி வரவில்லை. அவளை அழித்துவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

"உங்களையே பதிந்தீர்களா?" என்று சயாமா அன்று மாலை கேட்டார். "ஆமாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஆமாம்" என்றேன். செயலி வெளியே போகும் நாளன்று மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, என்ன இவள், பொய் கண்டுபிடிக்கும் மிஷினா என்று எரிச்சல் வந்தது. "ஆமாம், சயாமா" என்று இழுத்துச் சொன்னேன்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டு அம்மாவைத் தொலைபேசியில் திட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரை வியாதிக்காரி, வெறுங்காலோடு குழாயடிக்குப் போய் வருகிறாள். "கால்ல புண்ண வச்சுக்கிட்டு ஏம்மா இப்படி நடக்குற? செருப்ப எதுக்கு வாங்கிக் குடுத்தேன், பூஜைல வைக்கவா?" என்று கத்தி முடித்துத் திரும்பினால் சயாமா திரையில் இருந்தார்.

"தமிழா?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர்கள் ஊரிலும் தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டாம். பள்ளித் தோழி வீட்டில் அவள் அம்மா திட்டுவது இதே ராகத்தில் இருக்குமாம். "நீங்கள் யாங்கோன் என்று மட்டும்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கேமராவையும் மைக்கையும் அணைத்துவைத்துவிட்டேன், நெட் சரியில்லை என்று சாக்குச் சொன்னேன்.

செயலி முதலில் நகரத்தின் ஓரத்தில் ஷ்வேப்யிதாவில் உள்ள ஒரு கிளினிக்குக்குப் போனது. எங்கள் வீடும் ஷ்வேப்யிதாவில்தான், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. தொழிற்சாலைப் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து வரிசையில் நிற்கும் இடம். அம்மாவின் கால் சுண்டுவிரலில் இருந்த புண் ஆறுவதாகக் காணோம். அந்தத் திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, "நாளைக்குக் காலையில அங்க போம்மா. கட்டு மாத்தி மருந்தும் குடுப்பாங்க. நாங்க செஞ்சதுதான் அங்க ஓடுது" என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையிலும் அது இருந்தது.

செவ்வாய் மாலை வந்து கேட்டேன். "கூட்டம்" என்றாள். "நாளைக்கு வரச் சொன்னாங்க."

புதன்கிழமை கேட்டேன். "டாக்டர் வரல."

வியாழக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை அடித்தது. அம்மா காலை இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். நான் வலுக்கட்டாயமாக விலக்கிப் பார்த்தேன். விரல் கறுத்து, பக்கத்து விரலும் வீங்கியிருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா அழுதுவிட்டாள்.

"செவ்வாக்கெழமையே போனேன்டி. அந்த நர்ஸு பாவம், என்னைய 'டோ' போட்டு மரியாதையாத்தான் கூப்புட்டுச்சு. மப்பொண்டின் குடுத்தேன். நாலு தடவ தட்டிப் பாத்துச்சு. நாலு தடவயும் செவப்பா வந்துச்சு. 'இதுல நீங்க வரமாட்டேங்கிறீங்க, எண் தப்பாம். வீட்டுல சரியான அட்டை இருந்தா எடுத்துட்டு வாங்க'ன்னுச்சு. பின்னால அம்புட்டுச் சனம் நிக்குது. என் பச்சை அட்டையை எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க. சரியான அட்டைக்கு நான் எங்க போவேன்? எந்திரிச்சு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? ஒன் ஆபீஸுன்னு அம்புட்டுப் பெருமையாச் சொன்னியே."

அன்று இரவு நான் நினைத்ததெல்லாம் சயாமாவைப் பற்றித்தான். என் சந்தேகம் ஒவ்வொன்றும் நிரூபணமாகிவிட்டது. அந்தக் கேள்விகள், அந்த விதி, 'தமிழா?' என்ற சிரிப்பு எல்லாமே இதற்குத்தான். எங்களைப் போன்றவர்களைப் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளும் சல்லடையை எங்கள் கையாலேயே செய்ய வைத்துவிட்டாள். விடிந்ததும் அம்மாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அம்மா எங்கேயும் வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதுவே சாக்கு என்று நான் சண்டை போட ஆபீஸுக்குப் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே, ஐம்பது பேர் படிக்கிற நிறுவனத்தின் கைபேசிப் பொதுக்குழுவில் எழுதினேன். "இந்தச் செயலி யாருக்காக என்று இப்போது புரிகிறது. பச்சை அட்டைக்காரர்களை வடிகட்டத்தான் தலைவி எங்கள் பூர்வீகத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்டார். என் அம்மா நோயோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்."

நான் மூன்றாவது மாடி ஏறி மூச்சு வாங்குவதற்குள் அவர் அழைத்துவிட்டார். அங்கே அப்போது காலை ஏழு மணி இருக்கும். தலையைத் துணியால் கட்டியிருந்தார், பின்னால் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறையில் மற்ற நாலு பேரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மாவை டாக்டரிடம் கொண்டுபோனீர்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்லை."

"இல்லையா?"

அவர் தன் திரையை எங்களுக்குக் காட்டினார். கிளினிக்குகளிலிருந்து வரும் புகார்களின் பட்டியல் அது. செவ்வாய்க்கிழமை காலை ஷ்வேப்யிதாவிலிருந்து நர்ஸ் எழுதியிருந்த ஒன்றைத் திறந்தார். "அட்டை எண்ணை ஏற்க மறுக்கிறது. எண்ணில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. வயதான பெண், காலில் புண், சீக்கிரம் பார்க்கவும்." அதற்குக் கீழே எங்கள் தரப்புப் பதில். "எண்ணைச் சரியாகத் தட்டச்சு செய்யவும். முடிக்கப்பட்டது."

எழுதியவள் நான். எழுதியது நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நிறையப் புகார்கள் வந்திருந்தன, எல்லாவற்றையும் மளமளவென்று முடித்துக்கொண்டிருந்தேன். வயதான பெண், காலில் புண் என்று படித்தும் எனக்கு அம்மா நினைவு வரவில்லை. என் கையால் என் அம்மாவின் புகாரை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

"எண்ணைச் சரிபார்க்கும் விதியை எழுதியது யார்?" என்றார் சயாமா.

"நான்தான்."

"உங்களை முதல் நோயாளியாகப் பதிந்தீர்களா?"

நாலாவது தடவை. இந்த முறை இழுக்க என்னிடம் மூச்சு இல்லை. "இல்லை" என்றேன்.

அவர் மற்ற நாலு பேரையும் கேட்டார். என் பக்கத்து மேஜைப் பெண், "அக்கா மட்டும் இல்லை, நானும் பொய்தான் போட்டேன்" என்றாள். அதோடு ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பயம், ஆளுக்கு ஒரு காரணம். ஒருவனுடைய அண்ணன் ஊரைவிட்டுத் தப்பிப் போயிருந்தான். இன்னொருத்தி தகப்பன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஐந்து பேரும் ஐந்து கற்பனை நோயாளிகளைப் பதிந்திருக்கிறோம். ஐந்து பேருக்கும் முழுக் குடிமக்களின் எழுத்து, அதில் மூன்று பேர் சொல்லிவைத்த மாதிரி சான்சௌங்கில் குடியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

அவர் ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவருக்குக் கோபம். அதை மறைக்கவும் இல்லை. "மூன்று முறை கேட்டேன். நான் எதற்குக் கேட்டேன் என்று ஒருமுறையாவது நீங்கள் திருப்பிக் கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு சொன்னார். வெளிநாட்டில் அவர் பார்த்த முதல் வேலையில், முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் கருவிக்கு மென்பொருள் எழுதினார்களாம். அந்தக் குழுவில் கறுப்பு முகம் அவர் ஒருவருடையதுதான். தன் முகத்துக்குத் திறக்காவிட்டால் எல்லோரும் பார்ப்பார்களே என்று, பரிசோதனைக்கு வெள்ளைக்காரத் தோழியின் படத்தைக் கொடுத்தாராம். கதவுகள் விற்பனைக்குப் போய்விட்டன. பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் இவர் நிறத்தில் இருந்த துப்புரவுப் பெண்கள் ஒவ்வொரு நாளும் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம். "நான் அதை இன்றுவரை யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் முதல் நோயாளி விதியை வைத்தேன். நீங்கள் அதை ஏமாற்றினீர்கள்."

"நீங்கள் பட்டியல் எடுப்பதாக நினைத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

"நினைக்கலாம். உங்கள் ஊரில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் எண் விதியை எழுதியது நீங்கள். இப்போது பதியுங்கள்."

அத்தனை பேர் பார்க்க என் எண்ணைத் தட்டினேன். அடைப்புக்குறிக்குள் எங்கள் எழுத்து. திரையில் அதைச் சின்னதாக எழுத வழியில்லை, எல்லா எழுத்தும் ஒரே அளவில்தான் விழும். சிவப்பு வரி வந்தது. எண் சரியில்லை, மீண்டும் பார்க்கவும். அம்மாவுக்கு நாலு தடவை வந்த வரி.

மறந்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. விதி எழுதிய அன்று நான் எதையும் மறக்கவில்லை. பச்சை அட்டைக்கு வேறு எழுத்து உண்டு என்பது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதை நினைத்துப் பார்க்காமல் இருப்பதற்குச் சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் முழுக் குடிமக்களின் எழுத்தை மட்டும் விதியில் போட்டுவிட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனேன். விதியைத் திருத்த ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. நான் மாற்றி முடித்ததும் சயாமா, "வீட்டுக்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா அன்றும் கிளம்பவில்லை, அடுத்த நாளும் கிளம்பவில்லை. "மறுபடி அங்க போயி சனத்துக்கு முன்னால நிக்கமாட்டேன்" என்றாள். சரியாகிவிட்டது என்றேன், இனி சிவப்பு வராது என்றேன். "வராதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் கொதித்தது. டாக்சியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். நாலு நாள் முன்னால் வந்திருந்தால் கட்டும் மருந்துமே போதுமாக இருந்திருக்கும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். நான் வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

பொதுக்குழுவில் எழுதியதற்கு அதே குழுவில் மன்னிப்புக் கேட்டேன். சயாமா அதற்குப் பதில் போடவில்லை. படிவ வேலையை என்னிடமிருந்து எடுத்துப் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கொடுத்தார். ஆனால் தினமும் காலையில் அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு வரி வரும். "கால் எப்படி இருக்கிறது?" அவ்வளவுதான், வேறு விசாரிப்பு இல்லை. நானும் ஒரு வரியில் பதில் சொல்வேன். என்னை மன்னித்துவிட்டாரா என்பது எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியமில்லை.

அம்மா வீட்டுக்கு வந்தபின் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னாள். எங்கேயோ இருக்கிற ஒரு கறுப்பிக்கு எங்கள் ஆட்களைக் கண்டால் ஆகாது, அவள் செய்த வேலைதான் இது என்றாள். அந்தப் பொதுக்குழுச் சண்டைக்கு முந்தின இரவு நானே என் வாயால் அவளுக்குச் சொன்ன கதை அது. வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் டீ கலந்து கொடுத்தேன். மூன்று வாரம் அப்படிக் கலந்துகொடுத்தேன். ஒவ்வொரு தடவையும், இவர்கள் போகட்டும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். போனபின் அம்மாவின் காலைப் பார்ப்பேன், டம்ளர்களைக் கழுவப் போய்விடுவேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். என் கைபேசியில் காலை வரி வந்து விழுந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரு?"

"சயாமா. ஒன் கால் எப்படி இருக்குன்னு கேக்குறாங்க."

"ஏன், மிச்சம் எத்தனை வெரல் இருக்குன்னு தெரியணுமாமா?" என்றாள் அம்மா. "கறுப்பி. அவ நல்லா இருப்பாளா?"

சயாமாவைவிட அம்மா ஒரு மாற்றுக்கூட வெளுப்பில்லை. எனக்கு அப்போது அதுதான் கண்ணில் பட்டது. துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவுங்க இல்லம்மா. அந்தச் செவப்பு வரிய எழுதுனது நான். பச்சை அட்டை வந்தாத் தள்ளிவிடுற மாதிரி எழுதுனதும் நான்தான். அவுங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க."

அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எதையோ கணக்குப் போடுகிறவள்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கும் பச்சைதானடி?" என்றாள். "ஒன்னைய மட்டும் அது எப்படி உள்ள விட்டுச்சு?"

"நான் என்னையப் போடவே இல்லம்மா" என்றேன்.